வேவு வீரரின் வான்கப்பல்



செப்பலின் என்றதும் சுருட்டு வடிவில் வானில் மிதந்த பெருங்கப்பல் நினைவுக்கு வரும். அதைக் கட்டிய கவுண்ட் ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பலினைப் பொறியாளர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படையில் இருந்த குதிரைப்படை அதிகாரி. எதிரி எங்கே நிற்கிறான் என்று முன்னால் போய்ப் பார்த்து வருவதே குதிரைப்படையின் முதல் வேலை. அந்த வேவுக் கண்தான் வான்கப்பலைப் பெற்றெடுத்தது என்பது என் கருத்து.

1838-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தவர். அன்று ஜெர்மனி என ஒரே நாடு கிடையாது. அவர் வாளேந்தியது வூர்ட்டம்பர்க் மன்னருக்காக. இதை மறக்காதீர்கள், பின்னால் இதுவே அவருக்கு வினையாக முடிந்தது.

1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்வையிடச் சென்றார். லிங்கனைச் சந்தித்தார், வடக்குப் படைகளோடு செல்ல அனுமதி பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில், செயின்ட் பால் நகரில், ஜான் ஸ்டைனரின் பலூனில் ஏறினார். ஸ்டைனர் வடக்குப் படைக்காகப் பலூனில் வேவு பார்த்தவர். குதிரை மேலிருந்தே நிலத்தைப் பார்த்துப் பழகிய இளம் அதிகாரிக்கு அன்று ஆறும் மேடும் ஒரே பார்வையில் விரிந்தன.

ஏழாண்டு கழித்து பிரான்சுடன் போர். 1870 ஜூலையில் சிறு குழுவோடு எல்லை தாண்டி அல்சாசுக்குள் நுழைந்தார். ஷிர்லன்ஹோஃப் என்ற பண்ணையில் பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். உடன் வந்த அதிகாரி ஒருவர் அங்கே உயிரிழந்தார். செப்பலின் ஒருவரே ஒரு குதிரையில் தப்பி, பார்த்த செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தார். தரைவழி வேவுக்கு என்ன விலை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1874-இல் ஜெர்மன் அஞ்சல்துறைத் தலைவர் ஸ்டெஃபான் உலக அஞ்சலையும் வான்பயணத்தையும் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதன் தூண்டுதலில் பெரிய வான்கப்பல் பற்றிய முதல் குறிப்பைத் தம் நாட்குறிப்பில் எழுதினார் செப்பலின். சொற்பொழிவு மேடையில் நிற்கும் எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

இனி 1890. ஒன்றுபட்ட ஜெர்மனியில் பிரஷியாவின் கையே ஓங்கியிருந்தது. வூர்ட்டம்பர்க்கின் தூதராக பெர்லினில் இருந்த அவர், தம் நாட்டுப் படை முழுக்க பிரஷியர் பிடிக்குள் போவதை எதிர்த்து ஓர் அறிக்கை எழுதினார். பேரரசர் வில்ஹெல்ம் சினந்தார். அவ்வாண்டுப் போர்ப் பயிற்சியில், படைப்பணிக்குத் திரும்பிய செப்பலினின் தலைமை கடுமையாகக் குறை கூறப்பட்டது. 52 வயதில் படையை விட்டு வெளியேறினார். திறமைக் குறைவு காரணமென்று நான் நம்பவில்லை. அந்த அறிக்கைதான் காரணம்.

மீதி வாழ்வு முழுவதும் வான்கப்பலுக்கே. 1894-இல் அறிஞர் குழு அவர் திட்டத்தை நிராகரித்தது. பின்பு தொடங்கிய நிறுவனத்தின் 8 லட்சம் மார்க் மூலதனத்தில் பாதிக்குமேல் அவருடைய சொந்தப் பணம். 1900 ஜூலை 2 அன்று, 128 மீட்டர் நீள முதல் கப்பல் கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் ஏறத்தாழ 18 நிமிடம் பறந்தது.

1908 ஆகஸ்ட் 5-இல், இராணுவம் கேட்ட 24 மணி நேரச் சோதனைப் பயணத்தின்போது, நான்காம் கப்பல் எக்டர்டிங்கன் அருகே புயலில் சிக்கி எரிந்தது. எழுபது வயதில் எல்லாம் சாம்பல். ஆனால் மக்கள் தாமே முன்வந்து 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை குவித்தார்கள். படைத்தலைமை கைவிட்ட மனிதரை அஞ்சல் வழியே வந்த சில்லறைக் காசுகள் தூக்கி நிறுத்தின. அவ்வாண்டே பேரரசர் அவருக்கு உயரிய விருதும் அளித்தார்.

அவர் பெயரை உயர்த்திய அதே கப்பல்கள் முதல் உலகப் போரில், 1915 மே 31 இரவில், லண்டன் மீது குண்டு வீசின. போர் முடிவதற்குள் பிரிட்டனில் 500 பேருக்கு மேல் வான்கப்பல் தாக்குதலில் மாண்டார்கள். செப்பலின் அந்தத் தாக்குதல்களை ஆதரித்தார். அவருடைய துணிவையும் விடாமுயற்சியையும் போற்றுகிற நான், இந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க மாட்டேன். 1917 மார்ச் 8-இல், போர் முடியும் முன்பே, அவர் பெர்லினில் காலமானார்.