தாய்ப்பால்: தாயின் பொறுப்பு மட்டுமா?

(ஜூபிலி ஆண்டு அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர்கூட வேண்டியதில்லை என்பது மருத்துவர்களின் அறிவுரை. இதைக் கேட்டதும் நாம் எல்லோரும் தாயின் முகத்தைப் பார்க்கிறோம். அவளைச் சுற்றியிருக்கும் நம்மையல்லவா முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. பெண்கல்வியிலும் நாம் பின்தங்கியவர்களல்லர். ஆயினும், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் நூற்றுக்கு 55 பேர்தான். இந்தியா முழுவதற்கும் இது 64. படிப்பும் வசதியும் மட்டும் போதா என்பது இதனால் விளங்கும். அப்படியானால் தடை எங்கே?

முதலாவது, அறுவைப் பிரசவம். அதே கணக்கின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் இவ்வகையே. வலியோடு படுத்திருப்பவளுக்குக் குழந்தையை எடுத்து மார்பில் அணைத்துத்தர ஒரு துணை வேண்டும்.

இரண்டாவது, வீட்டு வழக்கம். சேனை வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடுகிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்; சப்புவது குறைந்தால் பாலும் குறையும். பிறகு, "இவளுக்குப் பால் பற்றவில்லை" என்று மருமகளையே குறை சொல்கிறோம்!

மூன்றாவது, பிழைப்பு. 2017 முதல், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சித்தாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்க்கு அந்தச் சலுகை எட்டுவதில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவளிடம் போய் ஆறு மாதம் என்று உபதேசம் செய்து பயனென்ன?

ஆகையால் மாமியார்களே, சேனைக் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால், பால் போதுகிறதென்று நம்புங்கள். கணவன்மார்களே, தண்ணீர்க் குடத்தையும் சமையலையும் சிறிது காலம் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர்களே, பால் கொடுக்கும் நேரத்திற்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

நோயினாலோ வேறு காரணத்தாலோ பால் கொடுக்க இயலாத தாயை ஒரு சொல்லாலும் புண்படுத்த வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாம் தரக்கூடிய பரிசு, அதன் தாய்க்குச் சற்று ஓய்வும் ஒரு நல்ல வார்த்தையுமே.