உக்குலேலேயின் மரமும் நாதமும்

வாத்தியக் கடையொன்றின் சுவரிலே நான்கு புதிய உக்குலேலேக்கள் வரிசையாகத் தொங்குவதாக நேயர்கள் மனத்திற் கொள்க. நான்கும் ஒரே அளவின. நான்கிற்கும் நந்நான்கு நைலோன் தந்திகள். வேறுபாடு மரத்தில் மாத்திரமே. முதலாவது, ஹவாய்த் தீவுகளுக்கே உரிய கோஆ என்னும் மரத்தால் ஆயது; பொன்னிறத்தில் அலையலையாக வரியோடி, வெளிச்சத்திற் சாய்க்குந்தோறும் தீச்சுவாலை போல மின்னுவது. இரண்டாவது, இலங்கை வீடுகளின் தளபாடங்களிலே பலரும் கண்டறிந்த மகோகனி. மூன்றாவதன் முகப்புப் பலகை, குளிர்நாட்டு மரமாகிய வெளிறிய ஸ்பிரூஸ். நான்காவது மா, ஆம், மாங்கனி தரும் மாமரமேதான். நால்வகையுள்ளும் கோஆவே பெரும்பாலும் விலை கூடியது. வரி மிகுந்த பலகையாயின் விலை மேலும் ஏறும். வாங்க வந்தவன் கேட்கும் வினா நியாயமானது: அந்த மேலதிகப் பணம் செவிக்கா, கண்ணுக்கா?

விடை தேடுமுன் அவ்வாத்தியம் பிறந்த கதையைச் சிறிது அறிதல் நன்று. 1879ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 23ஆந் திகதி ரேவன்ஸ்கிராக் என்னுங் கப்பல் ஹொனொலூலுத் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கும் பொருட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்து மடெய்ராத் தீவிலிருந்து புறப்பட்ட போர்த்துக்கேயர் நானூற்றுக்கு மேற்பட்டோர் அதில் வந்திறங்கினர். கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்தோரின் சந்ததியார்க்கு அத்தகைய பயணத்தின் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வந்தவருள் மனுவேல் நூனெஸ், ஒகஸ்தோ டியாஸ், ஜொசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூவர் மரவேலையில் வல்லவர். தோட்ட வேலையை விட்டபின் இவர்கள் ஹொனொலூலு நகரிலே தளபாடமும் வாத்தியமும் செய்யலாயினர். தாயகத்தில் பிராகின்யா எனவும் மஷெத்தே எனவும் வழங்கிய சிறு நாற்றந்தி வாத்தியம் இவர்கள் கையில் உருமாறி உக்குலேலே ஆயிற்று. ‘துள்ளுந் தெள்ளு’ என்பது அப்பெயருக்குப் பலர் கூறும் பொருள். தந்திகளின்மேல் விரல்கள் பாயும் விரைவை நோக்கி இட்ட பெயராம். மன்னர் கலாக்கௌவா அதனை விரும்பி அரண்மனையில் இடமளித்தார். அதன்பின் அது அந்நியர் வாத்தியமாக இருக்கவில்லை.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்மூவரும் கோஆவைத் தேர்ந்தது பலவகை மரங்களையும் ஒலியாற் சோதித்துப் பார்த்தன்று. தீவிலே தச்சனுக்கு எளிதிற் கிடைத்த உயர்ந்த மரம் அது. ஹவாய் மக்கள் பெரும் ஓடங்களைக் குடைந்த மரமும் அதுவே. கைக்கு எட்டிய மரத்திலே கைவினை மலர்ந்தது. பின்னர் அம்மரத்தின் ஒலியே உக்குலேலேயின் ஒலியென உலகத்தார் செவி பழகிற்று. கோஆவின் ஒலி ‘உண்மையான ஒலி’ எனப் பலர் உரைப்பதில் இப்பழக்கத்தின் பங்கு சிறிதன்று. கோஆ என்ற இப்பெயரை இந்தியாவின் கோவா மாநிலத்தோடு மயங்குவோரும் உளர். இரண்டிற்கும் தொடர்பு யாதுமில்லை.

மரத்தின் தெரிவு எத்துணை வேறுபாடு தரும் என்பதற்கு அமெரிக்காவின் மார்ட்டின் கொம்பனியின் அனுபவம் தக்க சான்று. கிற்றார் செய்வதிற் பேர்பெற்ற அக்கொம்பனியார் 1907ஆம் ஆண்டளவில் முதன்முதலாக உக்குலேலே செய்து பார்த்தனர். கிற்றாருக்குப் போலவே ஸ்பிரூஸ் முகப்பிட்டு, உள்ளே தாங்குசட்டங்களையும் மிகுதியாகப் பொருத்தினர். ஒலி எழவில்லை, வாங்குவாருமில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பெருங் கண்காட்சியிலே ஹவாய் இசை மக்களைக் கவர்ந்தபின், அவர்கள் மீண்டும் முயன்றனர். இம்முறை உடல் முழுவதும் மகோகனி; சட்டங்கள் இலேசானவை. வாத்தியம் வெற்றி பெற்றது. இக்கதையைக் கேட்போர் ‘ஸ்பிரூஸ் தோற்றது, மகோகனி வென்றது’ என எளிதில் முடிவு கட்டுவர். அது பிழை. மரத்தோடு சட்டங்களும் மாறின என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இக்காலத்திலே தக்கவாறு மெலிதாக்கிய ஸ்பிரூஸ் முகப்புடன் மிக நல்ல உக்குலேலேக்கள் செய்யப்படுகின்றன.

மரம் ஒலிக்கும் முறை யாது? மீட்டப்பட்ட தந்தி தானாக அசைக்கும் காற்று மிகச் சொற்பம். அதன் அதிர்வு குதிரை வழியாக முகப்புப் பலகைக்கு இறங்க, பலகை அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் வாய்த்துளை வழியே மூச்சுவிடுவது போல அசைந்து துணைநிற்கின்றது. உக்குலேலேயின் தந்திகளில் இழுவிசை குறைவு. அதனால் முகப்புப் பலகை ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் தடிப்பை மிஞ்சலாகாது. வல்லவர் அதனினும் மெலிதாகவே சீவுவர். பலகை இலேசாகவும் இருத்தல் வேண்டும், விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். ஸ்பிரூஸின் சிறப்பு இவ்விடத்தே விளங்கும். ஒரு கன மீற்றர் ஸ்பிரூஸ் ஏறக்குறைய 400 கிலோகிராம் நிறையுடையது; கோஆவும் மகோகனியும் 600 கிலோகிராமை அண்மியவை; மா அதனினும் சற்றுக் கனத்தது. நிறை குறைந்தும் விறைப்புக் குறையாத ஸ்பிரூஸ் மெல்லிய மீட்டலுக்கும் உடனே விடையளிக்கும். அதன் ஒலி தெளிந்து உரத்துச் செல்லும். கோஆவும் மகோகனியும் அத்துணை உரப்பற்றவை. அவற்றின் ஒலி சற்றே உருண்டு, விரைவில் அடங்கும். ஹவாய்ப் பாடகன் பாட்டுக்குத் துணையாகத் தாளங்கூட்டி மீட்டுகையில் இவ்வடக்கம் குறையன்று, நலமே. ஒரு சுரம் அடுத்ததன்மேற் படிந்து குழம்புவதில்லை.

கோஆவுக்கும் மகோகனிக்கும் இடையிலுள்ள வேறுபாடோ மிக நுண்ணியது. முன்னதன் ஒலி பளபளப்பானது, பின்னதன் ஒலி கனிவானது என விற்போர் உரைப்பர். ஆயின் நிறையிலும் விறைப்பிலும் இரண்டும் ஏறத்தாழ ஒத்தவை. ஒரே கோஆ அடிமரத்தின் இருவேறு பலகைகளுக்கிடையே காணும் வேறுபாடு, ஒரு கோஆப் பலகைக்கும் ஒரு மகோகனிப் பலகைக்கும் இடையிலுள்ளதைக் காட்டிலும் பெரிதாக இருத்தல் கூடும். விலையை ஏற்றும் அந்தச் சுவாலை வரியோ ஒலிக்கு எவ்வித உதவியுஞ் செய்வதில்லை. நார் நேராக ஓடாது நெளிந்து செல்வதாலேயே அவ்வரி தோன்றுகின்றது. நெளிந்த நார் நேரிய நாரிலும் விறைப்புக் குறைந்தது. ஆகவே அழகுக்குக் கொடுத்த பணத்தை அழகுக்கே கொடுத்ததாகக் கணக்கெழுதுதல் நேர்மையாகும்.

பின்புறப் பலகையும் பக்கப் பலகைகளும் இவ்வளவுகூடச் செய்வதில்லை. ஸ்பானிய வல்லுநர் அன்ரோனியோ டி டொறெஸ் 1862இல் காகிதக்கூழ் அட்டையாற் பின்புறமும் பக்கங்களும் அமைத்து, முகப்பை மாத்திரம் நல்ல ஸ்பிரூஸாற் செய்து ஒரு கிற்றாரை ஆக்கினார். அது இன்றும் பார்சலோனா நூதனசாலையில் உண்டு. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டுகின்றது. ஒரே அமைப்பில், பின்புற மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை, மரம் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்து, 52 வாசிப்போரிடம் அவர்கள் கொடுத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அவ்வாறனுள் ஒன்று. விலைமிக்க அரிய மரமும் மலிந்த மரமும் ஏறத்தாழ ஒரே மதிப்பையே பெற்றன.

இவ்வாராய்ச்சி வெறும் வேடிக்கையன்று. ஒரு காட்டின் நிலை இதனோடு பிணைந்துள்ளது. கோஆ வேலமரத்தின் இனம். உலகில் ஹவாய் அன்றி வேறெங்கும் இயற்கையாக முளைப்பதில்லை. 1793இல் கப்பற்றலைவர் வன்கூவர் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லலாகாதெனத் தடையும் விதிக்கப்பட்டது. கட்டற்றுப் பெருகிய அம்மந்தைகள் கோஆக் கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. பின்னர் மேய்ச்சல் நிலத்துக்காகவும் காடு அழிந்தது. இன்று தாழ்ந்த பிரதேசங்களில் நட்ட கன்றுகளை ஒருவகைப் பூஞ்சண நோய் வாட்டிக் கொல்கின்றது. கோஆக் கொம்பரிற் பூச்சி கொத்தி வாழும் அக்கியாபோலாவு என்னும் சிறு பறவையும் அருகிவிட்டது. பட்டும் விழுந்தும் கிடக்கும் மரங்களையே பயன்படுத்துவோமென்று வாத்தியம் செய்வோர் பலர் உறுதி பூண்டிருப்பது இதனாலேயே. மகோகனியின் நிலையுஞ் செழிப்பானதன்று; பேரிலை மகோகனியின் சர்வதேச வியாபாரம் 2003 முதல் கட்டுப்பாட்டுக்குட்பட்டது. மாமரத்துக்கோ இத்தகைய இடர் இல்லை. பயன் குன்றி வெட்டப்படும் தோட்டத்து மாமரங்கள் ஹவாயில் உக்குலேலேக்கள் ஆகின்றன. அவற்றின் ஒலியைக் கோஆவினின்றும் பிரித்தறிதல், கண்ணை மூடியிருப்பவனுக்கு எளிதன்று.

மரங்களை ஒப்பிட விரும்புவோர் முதலில் நான்கிற்கும் ஒரே வகைத் தந்தியை மாட்டுதல் வேண்டும். தந்தியின் வகை மாறினால் மரத்தின் நுண்ணிய வேறுபாடு முற்றாக மறைந்துபோம். புதிய நைலோன் தந்தி சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். அது நிலைத்தபின்னரே சுருதி கூட்டுக. பின்னர் வாத்தியத்தைத் தாமே வாசியாது இன்னொருவர் கையிற் கொடுத்து, நான்கு முழ தூரத்திற் புறமுதுகு காட்டி அமர்ந்து கேட்டல் நன்று. எவ்வொலி பிடித்ததென்பதைத் தாளிற் குறித்தபின்னரே திரும்பிப் பார்த்தல் வேண்டும். பிடித்தது மகோகனியாயின், மிஞ்சிய பணத்திற்கு ஓர் உறுதியான பெட்டி வாங்கலாம். ஈரக் காற்றில் ஊதியும் குளிரூட்டிய அறையில் வரண்டும் மெல்லிய பலகை வெடிப்பதை அது ஓரளவு தடுக்கும்.