ரயில் பெட்டியும் நாமும்

(கிள்ளானில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பால்மரத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில், ரயில் பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இந்தக் கிராணி என்று நீங்கள் எண்ணக்கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். சம்பளத்துக்கும் வந்து சேருவேன்.

கோலாலம்பூருக்குத் தெற்கே, தண்டவாளத்து ஓரத்தில் ஒரு நாள் நின்றிருந்தேன். பச்சையும் வெண்மஞ்சளும் பூசிய நீண்ட வண்டி ஒன்று கடந்து போயிற்று. ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் என்பது அதன் பெயர். பார்த்தால் நூறாண்டுப் பழமை என்று தோன்றும். உண்மையில் அந்தப் பெட்டிகள் ஜப்பானில் கட்டப்பட்டு, 1971-இல் நியூசிலாந்தில் ‘சில்வர் ஸ்டார்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியவை. 1979-இல் அந்த ஓட்டம் நின்றது. பெட்டிகளை மாற்றியமைக்கலாம் என்று பிரித்தபோது உள்ளே கல்நார் இருந்தது தெரியவந்தது. கல்நார்த் தூசி தொழிலாளியின் நுரையீரலைத் தின்னும் நஞ்சு. வேலை நின்றது, பெட்டிகள் பத்தாண்டுக் காலம் சும்மா கிடந்தன. பிறகு ஒரு கம்பெனி அவற்றை வாங்கி, கல்நாரை நீக்கி, மரவேலைப்பாடு செய்து, 1993-இல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓடவிட்டது. நியூசிலாந்துத் தண்டவாளத்தின் அகலம் 1067 மில்லிமீட்டர், நம்முடையது 1000. ஆகவே சக்கரங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. 2020-இல் நின்ற வண்டி 2024-இல் மறுபடி புறப்பட்டது.

நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சீமான்கள் படுத்துறங்கும் பெட்டிக்கு இத்தனை பாடுபட்டார்களே, நம் முன்னோர் ஏறிவந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியின் கதையை யார் சொல்வது?

இந்தக் கிள்ளான் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைதான் ரயில் வந்தது. குறுக்கே ஆறு. 1890-இல் பாலம் போட்டபின் கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் எத்தனையோ பேர் அங்கே இறங்கி, ரயிலேறித் தோட்டம் போய்ச் சேர்ந்தார்கள். என் பூட்டனாரும் அப்படித்தான் வந்தார். மரப்பலகை இருக்கையில், தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். எந்த நிலையத்தில் இறங்கினார் என்பதுகூட எங்கள் வீட்டில் இன்று யாருக்கும் தெரியாது.

அந்த மரப்பெட்டிகளைப் பழுதுபார்த்தது செந்தூல் பட்டறை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூலிலும் வாழ்ந்த தமிழரின் உழைப்பு அதில் கலந்திருக்கிறது. 1945-இல் குண்டு விழுந்து சிதைந்த பட்டறை அது. மறுபடி எழுந்து நின்றது. பின்னாளில் வேலை பத்து காஜாவுக்குப் போய்விட்டது.

பழைய மரப்பெட்டியைப் புதுப்பிப்பது சுவரில் சாயமடிப்பது போன்ற காரியமல்ல. மழைத் தண்ணீர் ஜன்னல் வழியாக இறங்கி, தூணின் அடிக்கட்டையில்தான் முதலில் உளுக்க வைக்கும். மேலே பார்த்தால் பளபளக்கும். அடியில் ஆணி பிடிக்காது. கூரையின் மேல் ஒட்டிய கித்தான் வெடித்தால் அதுவும் போயிற்று. கீழே இரும்புச் சட்டத்தைத் தட்டித் தட்டித் துருவின் ஆழம் பார்க்க வேண்டும். அப்புறம் பிரேக். குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால் பிரேக் விலகும். காற்று புகுந்தால் பிடிக்கும். பெட்டிக்குப் பெட்டி அந்தக் குழாயை இணைப்பது என்ன தெரியுமா? ரப்பர்! அது கிழிந்தால் வண்டி நகராது. விடியுமுன் எழுந்து நாம் சீவிய பால் அந்தக் குழாயிலும் இருந்திருக்கும்.

பயணப் பெட்டி என்று பேசும்போது, பெட்டியே இல்லாமல் போனவர்களை மறக்க முடியுமா? 1942, 43-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டத்து மக்களை ஆயிரமாயிரமாகச் சரக்கு வண்டிகளில் அடைத்துத்தான் கொண்டுபோனார்கள். மலாக்கா கிளைப் பாதையின் தண்டவாளத்தையும் ஜப்பானியர் பெயர்த்தெடுத்தார்கள். இரும்பும் திரும்பவில்லை, ஆட்களும் பலர் திரும்பவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன் என்றேனே! 1962 கடைசியில் ரயில்வே தொழிலாளர் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்கூலியை மாதச் சம்பளமாக்கு என்பதே கோரிக்கை. மழை பெய்தால் கூலி போகும் நமக்கு அதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை. நாமும் அதே கோரிக்கையை நெடுங்காலம் எழுப்பியவர்கள்தாமே! நிலையத்தின் குவிமாடங்களைப் படம் பிடிக்கிறவர்களுக்கு இந்த 22 நாளைப் பற்றியும் ஒரு பலகை தேவை என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றை ஒழுங்காகப் புதுப்பித்து, ஏறியவர்களின் கதையோடு மக்கள் பார்வைக்கு வைக்கும்படி ரயில்வே நிர்வாகத்துக்கும் பொருட்காட்சிச் சாலைக்கும் மனு எழுதப் போகிறோம். புதுப்பிக்கும் வேலைக்காரருக்குத் தூசிக் கவசம் வேண்டும் என்றும் அதில் எழுதுவோம். வெறும் மனு போதாது, சான்று வேண்டும். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய ரயில் சீட்டோ, கப்பல் காகிதமோ, செந்தூலில் வேலை பார்த்த மாமனின் படமோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே கையில் தந்துவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் வாயால் சொன்னால் போதும். நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.