சிங்கராஜ வனமும் மழைக்காட்டின் அமைப்பும்

வன்னிக் காட்டை உங்களிற் பலர் அறிவீர்கள். பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த அக்காட்டிலே உச்சிவேளையில் நின்றால், கிளைகளினூடே வெயில் புகுந்து நிலத்தில் விழுவதைக் காணலாம். இதே தீவின் தென்மேற்கிலே, இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடக்கிறது வேறொரு காடு. அங்கே நண்பகலும் அந்திப்பொழுது போலவே இருக்கும். அதுதான் சிங்கராஜ வனம். ஆண்டுதோறும் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்ற, அயனமண்டல மழைக்காடு அது.

அங்கே ஏன் அத்துணை இருள்? அக்காடு மாடி வீடு போலப் பல அடுக்குகளாக அமைந்திருப்பதே காரணம். 30 முதல் 40 மீற்றர் உயரத்திலே பெருமரங்களின் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரு விதானத்தை அமைக்கின்றன. நம் நாட்டின் தேசிய மரமாகிய நாகமரமும், சால மரத்தின் இனத்தைச் சேர்ந்தனவும் சிங்கள மக்கள் ‘துன்’ என வழங்குவனவுமான மரங்களும் இங்கே சிறந்து விளங்குகின்றன. ஆங்காங்கே ஒரு சில மரங்கள் இவ்விதானத்தையும் ஊடுருவி மேலே தலைநீட்டும். விதானத்தின் கீழே நடுத்தர மரங்கள்; அவற்றின் கீழே சிறு மரங்களும் செடிகளும்; அடியிலே பன்னங்களும் நாற்றுக்களும். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வேண்டிய ஒளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தையே கீழே விடுகின்றது. உச்சியில் விழும் ஒளியிலே நிலத்தை வந்தடைவது நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான்.

இவ்வொளிப் பஞ்சமே அக்காட்டுத் தாவரங்களின் வாழ்க்கையை வகுக்கின்றது. மரங்கள் நெடுந்தூரம் கிளைவிடாமல் நேரே உயர்கின்றன. அவற்றுட் சில, அடிப்புறத்திலே பலகை போன்ற வேர்களைப் பரப்பித் தம்மைத் தாங்கிக்கொள்கின்றன. பிரம்பு தன் கொளுக்கி முட்களால் மரங்களைப் பற்றி ஏறுகின்றது. நாட்டு மருந்துக் கடைகளில் நாம் வாங்கும் மரமஞ்சளும் இத்தகைய காடுகளிற் படரும் கொடியொன்றின் தண்டேயாகும். ஓக்கிட்டுச் செடிகளோ ஏறும் சிரமத்தையும் மேற்கொள்வதில்லை. உயர்ந்த கிளைகளின் மேலேயே முளைத்து வாழ்கின்றன. நம் மாமரத்துக் குருவிச்சை போல அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழை நீரையும் கிளையிலே தங்கும் உக்கலையும் கொண்டே பிழைக்கின்றன. இலைகளைப் பாருங்கள்: பலவற்றின் நுனி வால் போல் நீண்டிருக்கும். ஓயாது பெய்யும் மழைநீர் அதன் வழியே விரைவாக வடிந்துவிடுகின்றது.

இத்துணை செழித்த காட்டின் மண்ணும் செழிப்பானதாகவே இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். அதுவே பெரும் தவறு. இடைவிடாத மழையினாலே உரச்சத்துக் கரைந்து போன மண் அது. காட்டின் செல்வத்தின் பெரும்பகுதி மண்ணிலே இல்லை, மரங்களிலேயே இருக்கின்றது. உதிர்ந்த இலை விரைவில் உக்குகின்றது. நிலத்தின் மேற்புறத்திலே படர்ந்த வேர்களும், அவற்றோடு கூடி வாழும் பூஞ்சண இழைகளும் அச்சத்தை உடனே பற்றி மரத்துக்கே மீட்டுக் கொடுக்கின்றன. மரத்தை அகற்றினால் இவ்வட்டம் அறுந்துபோகும்.

இன்னுமொன்று. விதைநெல்லை நாம் அடுத்த போகத்துக்கென்று பத்திரப்படுத்தி வைக்கிறோம். துன் மர விதைகளை அப்படி வைக்க இயலாது. விழுந்த சில நாட்களில் முளைக்க வேண்டும், காய்ந்தால் மடியும். ஆகவே அக்காட்டின் விதைக்களஞ்சியம் என்பது, நிழலிலே காத்திருக்கும் நாற்றுக்களேயாகும். ஆண்டுக்கணக்காக அவை முழங்காலளவுக்கு மேல் வளராமலே நிற்கும். பெருமரமொன்று சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும், அவற்றிலொன்று மேலெழுந்து அவ்விடத்தை நிரப்பும்.

1993ஆம் ஆண்டிலே, பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் பிறரும் இவ்வனத்திலே 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து ஆராயத் தொடங்கினர். ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொன்றையும் எண்ணினர். தொகை ஏறக்குறைய 2 இலட்சம். இனங்கள் 200க்கு மேல்.

இத்தகைய வனத்திலே 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்கள் புகுந்து மரந்தறித்தன. மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் இவ்வனம் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

ஆயினும், வனத்தின் ஓரங்களில் முற்றாக வெட்டிச் சுட்ட சரிவுகள் தாமாகவே காடாகிவிடவில்லை. நாற்றும் வேரும் அழிந்த அந்நிலத்தைப் பன்னப் புதர்கள் மூடிக்கொண்டன. பின்னர் அத்தகைய நிலங்களிலே கரிபியன் பைன் மரங்கள் நடப்பட்டன. அவற்றின் நிழலைத் துணையாகக் கொள்ளலாமோ என்று ஆராய்ச்சியாளர்கள் 1991இலே சோதித்தனர். பைன் வரிசைகளிற் சிலவற்றை நீக்கி, இடைவெளியிலே நாகமரக் கன்றுகளையும் துன் மரக் கன்றுகளையும் நட்டனர். அடர்ந்த பைன் நிழலில் நின்றவற்றினும் இவை நன்கு வளர்ந்தன. கடும் வெயிலும் ஆகாது, கடும் நிழலும் ஆகாது என்னும் காட்டின் கணக்கையே மனிதர் கைக்கொண்டனர்.

எனினும் அக்கன்றுகளுக்கு விதை எங்கிருந்து வந்தது? வெட்டாமல் விட்ட வனத்திலிருந்தே வந்தது. அதுவும் அழிந்திருக்குமாயின், எத்துணை அறிவும் பொருளும் இருந்தென்ன? ஆதலின், நேயர்களே, மழைக்காட்டைக் காப்பது என்பது வானளாவிய மரங்களைக் காப்பது மாத்திரமன்று. அவற்றின் காலடி இருளிலே, தன் முறை வரும் என்று காத்து நிற்கும் சிறு நாற்றையும் காப்பதாகும்.