செவலை வளர்கிறாள்



மதுரையில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோடை முடிகிற சமயத்தில், அங்கே எம் சாண்ட் குவியலுக்குப் பின்னால் ஒரு தெருநாய் நான்கு குட்டிகள் ஈன்றது. ஆடி பிறந்து சில நாட்களிலேயே இரண்டு குட்டிகளை ஆட்கள் வந்து தூக்கிப்போய்விட்டார்கள். அவை இரண்டும் கடுவன். மிச்சம் இருந்த இரண்டும் பொட்டை. வந்தவர்கள் எல்லோரும் குட்டியைத் தூக்குவார்கள், வயிற்றைத் திருப்பிப் பார்ப்பார்கள், கீழே விட்டுவிட்டுப் போவார்கள்.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் கேட்டாள்: “பொட்டைன்னா ஏம்மா யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க?”

மறுநாள் அவற்றில் செம்மண் நிறத்தில் இருந்த குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். செவலை என்று பெயர் வைத்தோம். அப்போது அவளுக்கு ஐம்பது நாள். கண் திறந்த கையோடு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வந்துவிடுகிறார்கள் சிலர். அது பாவம். கூடப் பிறந்ததோடு கட்டிப் புரளும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது வீலென்று கத்தும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை நாம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது கடினம். ஏழெட்டு வாரமாவது அது தாயோடு இருக்க வேண்டும்.

என் மாமியார், அதாவது அத்தை, ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். நாய் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. சரியென்று கொல்லையில் ஒரு அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். அன்று இரவு பத்து மணிக்குத் தொடங்கிய அழுகை ஒரு மணி வரை ஓயவில்லை. பிறந்த நாளிலிருந்து வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டு தூங்கிய உயிர் அது. தன்னந்தனியாகக் கிடக்கும் முதல் இருட்டு அதுதான். பக்கத்து வீட்டுக்காரர், “ரெண்டு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிரும்” என்றார். அப்படி அடங்குகிற குட்டி, கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் அடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். ஒன்றரை மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். அத்தை தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியையே தூக்கித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கை ஒன்று பெட்டிக்குள் தொங்கியது. செவலை தூங்கிவிட்டாள். வாசற்படிக் கட்டளையைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

சிறுநீர் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகக் குட்டி வளர்ப்பவர்கள் அதிகமாக அடிப்பது இதற்காகத்தான். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் அடக்கும் திறன் அந்த உடம்புக்கு இன்னும் வரவில்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கொல்லைக்குத் தூக்கிப்போக வேண்டும். அங்கே சிறுநீர் போனால் தட்டிக்கொடுக்க வேண்டும். அதன் மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்க்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாம் பார்க்கும்போது போகக் கூடாது என்பதைத்தான் குட்டி அதிலிருந்து கற்கும். கட்டிலுக்கடியில் ஒளிந்து போகும். எங்கள் வீட்டில் இரவு பதினொன்று, இரண்டு, ஐந்து என்று மூன்று முறை கொல்லைக்குத் தூக்கிப்போனோம். இரண்டு மணி முறை என்னுடையது. நான்காம் மாதம் அந்த முறை தேவையில்லாமல் போனது.

இன்னொரு கஷ்டம், ஒரே சமயத்தில் இரண்டு கணக்குகள் ஓடுவது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசியை ஆறேழு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும். அது முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை விடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் குட்டியின் மூளை கற்றுக்கொள்வதும் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரத்துக்குள்தான். நோய்க்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது ஆயுளுக்கும் பயந்த நாயாகிவிடும். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

இதற்கு வழி, தோள்தான். நாங்கள் செவலையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டே சுற்றினோம். ஆடி மாதம் என்பதால் தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோயில் கொடை. தவில், பறை, குழாய் ரேடியோ, முளைப்பாரி எடுத்துப்போகும் பெண்களின் குலவை, எல்லாவற்றையும் அவள் என் கழுத்தில் முகம் புதைத்தபடி கேட்டாள். தூரத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் நெருங்கினோம். குப்பை வண்டி, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், தவழும் குழந்தை என்று ஒவ்வொன்றாகக் காட்டினோம். தீபாவளி வந்தபோது வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தாள். ஆனால் நடுங்கவில்லை, தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள்.

பல் முளைக்கும் காலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பாற்பல் 20, நாய்க்குட்டிக்கு 28. நம் பிள்ளைக்கு ஆறு வயதில் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் நிதானமாக நடக்கும் பல் மாற்றம், குட்டிக்கு நான்காம் மாதத்தை ஒட்டித் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் 42 பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வலிக்காமல் இருக்குமா? செவலை செருப்பைக் கடித்தாள், கதவு நிலையைக் கடித்தாள், என் கணவரின் வண்டிச் சீட்டைப் பஞ்சு பஞ்சாக்கினாள். நனைத்து முறுக்கிய துணியை ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். குளிர்ந்த கேரட் கொடுத்தோம். செருப்பை எட்டாத உயரத்தில் வைக்கக் கற்றுக்கொண்டோம்.

விழுந்த பல்லைக் குட்டிகள் பெரும்பாலும் விழுங்கிவிடும், கண்ணில் படாது. ஒருநாள் காலையில் கூட்டும்போது அத்தை ஒன்றைக் கண்டெடுத்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, நுனி ஊசி மாதிரி. என் மகளின் முதல் பல் விழுந்தபோது செய்ததைப் போலவே, அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்.

ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்ல வேண்டும். செவலை வந்த முதல் வாரம், விளையாட்டில் என் மகளின் விரலில் பல் பட்டு லேசாக ரத்தம் கசிந்தது. குட்டிதானே என்று விட்டுவிடச் சொன்னவர்கள் உண்டு. தெருவில் பிறந்த, ஊசி போடாத குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வெளிப்படுமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினோம். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஊசி இலவசம்தான். சொன்ன தேதிகளில் ஒன்றுகூடத் தவறாமல் போய்ப் போட்டுக்கொண்டோம். செவலைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று.

சாப்பாடு பெரிய சிக்கலாக இல்லை. சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், பாயசத்தில் மிதக்கும் திராட்சை ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரிவதில்லை. விருந்தாளிகளிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இப்போது அவளுக்கு ஏறக்குறைய ஏழு மாதம். கால் நீண்டுவிட்டது, காதில் ஒன்று நிமிர்ந்து ஒன்று மடிந்திருக்கிறது. கூப்பிட்டால் சில நாள் வருகிறாள், சில நாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். நான் பார்த்தவரை, வீட்டில் வளர்த்துவிட்டுத் தெருவில் விடப்படும் நாய்கள் பெரும்பாலும் இந்த வயதில்தான் விடப்படுகின்றன. குட்டி அழகு போயிருக்கும், பெரிய நாயின் நிதானம் வந்திருக்காது. பொட்டையென்றால் முதல் பருவம் நெருங்கியிருக்கும். ஆட்கள் வயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததும் இதை நினைத்துத்தான். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால், குட்டி போட்டுவிடுமே என்ற அந்தப் பயத்துக்கு இடமில்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் நீங்கும். பத்துப் பன்னிரண்டு நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செவலையோடு பிறந்த இன்னொரு பொட்டைக்குட்டி இப்போதும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. காவலுக்கு இருக்கும் பெரியவர் தன் சோற்றில் பாதியை அதற்கு வைக்கிறார். கருப்பி என்று கூப்பிடுகிறார். ஊசியெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சைக்கும் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் கூட்டிப்போகிறோம். தையல் ஆறும்வரை கருப்பியும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அத்தை இன்னொரு சுங்குடிச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.