விதையும் எருவும் வீட்டிலிருக்க!
(உழவர் திருநாள் பொழிவு)

 

தன் நிலத்தைத் தானே உழுதும், விதைக்கும் உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் பிறன் கடை வாயிலில் நிற்பவன் நிலத்துக்கு உடையவனா? கடைக்கு அடியவனா? இவ்வினாவுக்கு விடை காணாமல் உழவர் உரிமை பேசுவது வெறும் வாய்ப்பந்தல்.

பழந்தமிழ் உழவு ஒரு வட்டம். நெல் மாந்தர்க்கு; வைக்கோல் மாட்டுக்கு; சாணம் மண்ணுக்கு; மண்வளம் மீண்டும் நெல்லுக்கு. அவ்வட்டத்துள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை மிகச் சிலவே.

1966-இல், பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல்லாராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அது விளைச்சலைப் பெருக்கியது. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆயின் அவ்விளைச்சல் செயற்கையுரத்தையும் தவறாத நீரையும் வேண்டி நின்றது. தாள் குட்டையாகவே வைக்கோல் குறைந்தது. உழுபொறியும் வரவே மாடு குறைந்தது. மாடு குறையவே எரு குறைந்தது. எரு குறையவே உரக்கடையில் கடன் ஏறியது. வட்டம் அறுந்தது!

அறுந்த வட்டத்தின் விலை சிறிதன்று. பொட்டாசு உரத்தை இந்தியா ஏறத்தாழ முழுவதும் அயல்நாடுகளினின்றே வாங்குகின்றது. யூரியா ஆக்குதற்குரிய எரிவளியிலும் பெரும்பங்கு கப்பலேறி வருகின்றது. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டவுடன் உலகெங்கும் உரவிலை ஏறியது. எங்கோ வெடித்த குண்டு உழவனின் மடியைச் சுட்டது!

மாற்று வழி மண்ணிலேயே உண்டு. கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் சணப்பும் காற்றிலுள்ள தழையூட்டத்தை வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் ஈர்ப்பன. பூக்கும் பருவத்தில் அவற்றை மடக்கி உழுதால் அவ்வூட்டம் வயலுக்குச் சேரும். மட்கு மிகுந்த மண் மழைநீரைப் பிடித்து வைக்கும், மண்புழுவை வாழவிடும். நெல்லறுவடைக்குச் சில நாள் முன்னரே உளுந்தும் பயறும் தெளிக்கும் காவிரிப் படுகை வழக்கம், மண்ணுக்கு ஊட்டமும் உழவர்க்கு வருவாயும் ஒருங்கே தருவது.

விதைக்கும் வழி உண்டு. மண்ணுக்கேற்ற உழவை ஊர்தோறும் நடந்து பரப்பியவர் நம்மாழ்வார் (1938–2013). அவர்வழி நின்ற நெல் செயராமன், 2018-இல் மறையும்வரை நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடித் திரட்டினார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்து நெல்திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது முறையாக இருந்தது. வட்டிக் கடையில் கடன் வளரும். இங்கோ விதை வளர்ந்தது! உவர்நிலத்துக்குக் குழியடிச்சான், வெள்ளம் நிற்கும் பள்ளத்துக்குக் காட்டுயானம் என, நிலமறிந்து முன்னோர் தேர்ந்த செல்வம் அது.

எனினும் ஓர் எச்சரிக்கை. 2021-இல் இலங்கை அரசு செயற்கையுர இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தது. எருவும் பயிற்சியும் முன்னேற்பாடும் இன்றி இடப்பட்ட அவ்வாணையால் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே அரசு பின்வாங்கியது. பல்லாண்டு நலிந்த மண் ஒரு நாளில் தேறாது. எனவே முதலில் ஒரு வயல். பின்னர் ஒரு வேலி. பின்னர் ஓர் ஊர் என மாறுவதே அறிவுடைமை. அம்மாற்றக் காலத்து இழப்பை உழவர் தலையில் மட்டும் சுமத்தாமல் அரசும் உண்போரும் பகிர்ந்து தாங்குவதே அறம்.

உழவர்களே! இவ்வாண்டு ஒரு மூட்டை விதையேனும் சொந்தக் களத்தில் எடுத்து வையுங்கள். நகரத் தமிழர்களே! அந்நெல்லுக்குரிய விலையை மனமுவந்து கொடுங்கள். சோற்றுக்குப் பிறரைச் சாரும் இனம் சொல்லிலும் தலைநிமிராது. விதை காப்போம்! மண் காப்போம்! தமிழினம் காப்போம்!