வரவழைக்கும் மந்திரமும் அதன் எல்லையும்



‘அக்கியோ’ என்பது ‘அழைக்கிறேன்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஜே. கே. றோலிங் அம்மையார் தம் ஹரி பொற்றர் கதைகளில், தொலைவிலுள்ள பொருளைக் கைக்கு வரவழைக்கும் மந்திரமாக இதனை அமைத்தார்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் நூலில், ஹரிக்கு இம்மந்திரம் எளிதிற் கைகூடவில்லை. தோழி ஹேர்மயனியின் துணையோடு நள்ளிரவு கடந்தும் பயின்ற பின்னரே, மறுநாள், தீ உமிழும் பறவைநாகத்தின் முன் நின்று தன் பறக்கும் விளக்குமாற்றை அழைத்து உயிர் தப்புகிறான்.

ஆயினும் அழைத்தவை யாவும் வருவதில்லை. 2005ஆம் ஆண்டின் ஆறாம் நூலில், பகைவன் தன் உயிரின் கூறொன்றை மறைத்து வைத்த பொருளைக் குகையொன்றில் நின்று அழைக்கிறான். ஏரியிலிருந்து ஒரு பிணமே துள்ளி எழுகிறது.

2007ஆம் ஆண்டின் ஏழாம் நூலில், தலைமறைவாய்த் திரியும் நண்பர்களைப் பசி வாட்டுகிறது. வெறுமையிலிருந்து உணவைப் படைத்தல் இயலாது. இருக்குமிடம் தெரிந்தால் வரவழைக்கலாம் என்கிறாள் ஹேர்மயனி.

ஆகவே, கற்பனை உலகிலும் அழைப்பவன் முயன்று பயின்றிருத்தல் வேண்டும். அழைக்கப்படும் உணவை எவனோ ஒருவன் முன்னரே விளைவித்திருத்தலும் வேண்டும். உழைப்புக்கு ஈடாக மந்திரமில்லை என்பதை மந்திரக் கதையே உரைப்பது வியப்பன்றோ?